பழைய மனோசக்திப் புத்தகங்களில் எதைச் செய்து பார்க்கலாம், எதைத் தள்ளலாம்?

பழையாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எங்கள் வாசகர் வட்டம் சார்பில் ஆறு சனிக்கிழமை மாலைகளுக்கு ஒரு வகுப்பு வைக்கப் போகிறோம். 1890 முதல் 1925 வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்து, பிறகு மொழிபெயர்ப்பாகவும் தழுவலாகவும் தமிழுக்கு வந்த மன ஆற்றல், ஆளுமைக் கவர்ச்சி நூல்கள்தாம் பாடம். வருகிறவர்களில் பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். மீதிப் பேர் வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் விற்பனைக்கு நிற்பவர்கள். வெறும் வரலாறு பேசினால் இரண்டாவது வாரமே ஆள் குறைந்துவிடும். அதனால் அந்தப் புத்தகங்களில் இருக்கிற பயிற்சிகளையே செய்ய வைக்கலாம் என்று எண்ணம்.

கேள்விகள் இவை. அட்கின்சன், ட்யூமான்ட், யோகி ராமசரகா, குவே, ஜேம்ஸ் ஆலன், இவர்களை எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது? மன ஒருமைப் பயிற்சிகளில் எவை ஒரு மணி நேரத்துக்குள் முடியும், எங்கே பிசகும்? "நாளுக்கு நாள் மேம்படுகிறேன்" என்று சொல்லிக்கொள்வதில் பலன் உண்டா? கடைப் பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது பார்வையால் ஆளை வசப்படுத்துவது பற்றித்தான். அதற்கு என்ன பதில் சொல்லலாம்?

கோட்டாறு ஏடு:

தம்பி, மெஸ்மரிலிருந்து தொடங்குங்க. இல்லையென்றால் இந்தப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் "காந்தம்" ஏன் வருகிறது என்று பிள்ளைகளுக்கு விளங்காது.

மனித உடலுக்குள் காந்தப் பாய்மம் ஒன்று ஓடுகிறது, அதைக் கையசைவால் திருப்பி நோயைத் தீர்க்கலாம் என்று பாரிசில் சிகிச்சை நடத்தியவர் ஃபிரான்ஸ் மெஸ்மர். 1784-இல் பிரெஞ்சு அரசர் ஒரு குழு போட்டார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் அதில் இருந்தார்கள். அவர்கள் செய்த சோதனை இன்றைக்கும் பாடம் எடுக்கத் தகுந்தது. ஆட்களின் கண்ணைக் கட்டிவிட்டார்கள். காந்தம் ஏற்றப்படுகிறது என்று நம்பியவர்களுக்கு, யாரும் ஒன்றும் செய்யாதபோதே உடல் துடித்தது. அவர்கள் அறியாமல் ஏற்றியபோது ஒன்றும் நடக்கவில்லை. பாய்மம் என்று ஒன்று இல்லை, கற்பனைதான் வேலை செய்கிறது என்று குழு முடிவு சொன்னது.

அடுத்து மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு. 1841-இல் ஒரு மெஸ்மரிச மேடை நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத் தாமே சோதித்தார். பளபளப்பான ஒரு பொருளைக் கண்ணிலிருந்து 8 முதல் 15 அங்குலத்தில், நெற்றிக்கு மேலாகப் பிடித்து, கண் களைக்கும்வரை பார்க்கச் சொன்னார். அவர் பிடித்தது தம்முடைய அறுவைக் கத்தி உறை. அதற்கே ஆள் மயக்க நிலைக்குப் போனார். அப்படியானால் சக்தி பார்க்க வைப்பவரிடத்தில் இல்லை, பார்ப்பவரிடத்தில் இருக்கிறது. 1843-இல் அவர் வெளியிட்ட நூலோடு ஹிப்னாடிசம் பற்றிய பேச்சு மருத்துவத்துக்குள் வந்தது. வசியப் பார்வை பற்றிக் கேட்கிற பிள்ளைக்கு முதல் பதில் இதுதான்.

அமெரிக்காவில் கடிகாரம் செய்து வந்த ஃபினியாஸ் குவிம்பி (1802-1866) மெஸ்மரிசத்தில் தொடங்கி, நோயாளியின் நம்பிக்கையே குணப்படுத்துகிறது என்ற இடத்துக்கு வந்தார். அங்கிருந்துதான் "புதுச் சிந்தனை" இயக்கம் கிளைத்தது. அதன் பெரிய எழுத்தாளர் வில்லியம் வாக்கர் அட்கின்சன் (1862-1932), பால்டிமோரில் பிறந்த வழக்கறிஞர். எண்ணம் தன்னைப் போன்றதையே இழுத்துக் கொண்டுவரும் என்கிற "ஈர்ப்பு விதி" பற்றிய அவர் நூல் 1906-இல் சிகாகோவில் வந்தது. அதற்கு முன் 1895-இல் எக்ஸ் கதிர், 1901-இல் அட்லாண்டிக் தாண்டிய கம்பியில்லாத் தந்தி. கண்ணுக்குத் தெரியாத அலை செய்தி கொண்டுபோகும் என்றால் எண்ணமும் அப்படிப் போகலாமே என்ற துணிபு அந்தக் காலத்துக் காற்றில் இருந்தது. அது அறிவியலாக நிற்கவில்லை. ஆனால் அன்றைக்கு வாசித்தவர்களுக்கு ஏன் நம்பத் தோன்றியது என்பதைச் சொல்லாமல் அவர்களைப் பழிக்கக் கூடாது.

யோகி ராமசரகா இந்தியர் இல்லை. தேரன் ட்யூமான்ட் பாரிஸ்காரரும் இல்லை. இரண்டும் அட்கின்சன் வைத்துக்கொண்ட புனைபெயர்கள். ஆக, உங்கள் பட்டியலில் மூன்று பேராக இருப்பவர் ஒருவரே.

நம் மண்ணோடு இதற்கு உள்ள தொடர்பையும் விட்டுவிடாதீங்க. 1892 டிசம்பரில் குமரிப் பாறையில் இருந்த விவேகானந்தர் அடுத்த ஆண்டு சிகாகோ போனார், 1896-இல் ராஜயோகம் பற்றிய நூலை வெளியிட்டார். புதுச் சிந்தனைக்காரர்கள் அவரை ஆவலோடு படித்தார்கள். 1900 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலசில் மனத்தின் ஆற்றல்கள் பற்றிப் பேசியபோது, ஒருவர் நம்மைப் பாதிப்பதில் சொல்லும் எண்ணமும் மூன்றில் ஒரு பங்கு, அந்த ஆள் மூன்றில் இரண்டு பங்கு என்றார். உங்கள் நாலாவது கேள்விக்கு இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஜேம்ஸ் ஆலனைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. ஆலனின் 1903-ஆம் ஆண்டு நூல் "மனம்போல வாழ்வு" என்று 1909-இல் வந்தது. அப்போது வ.உ.சி. சிறையில் இருந்தார். பிறகு "அகமே புறம்" 1914-இல். இந்த இரண்டாவது நூல்தான் உங்கள் வகுப்புக்கு நல்லது, காரணம் அதில் படி படியாகப் பயிற்சி இருக்கிறது. பத்துப் படிகள். உடலுக்கு விட வேண்டியவை இரண்டு: சோம்பலும் பெருந்தீனியும். நாவுக்கு விட வேண்டியவை ஐந்து: புறங்கூறல், வீண்பேச்சு, கடுஞ்சொல், மதிப்பில்லாத விளையாட்டுப் பேச்சு, குற்றம் காணும் பேச்சு. மனச்சார்புக்குப் பழக வேண்டியவை மூன்று: தன்னலமில்லாக் கடமை, வழுவாத நேர்மை, எல்லையில்லா மன்னிப்பு. பத்தில் ஐந்தை நாவுக்கு ஒதுக்கியிருப்பதைக் கவனியுங்க. அலையும் காந்தமும் பேசாமல் ஒரு மனிதன் காலையில் எழுவதிலிருந்து தொடங்குகிற இந்தத் தெளிவுக்காகவே ஆலனை நான் மற்றவர்களுக்கு மேலே வைப்பேன்.

தக்கலை மனநூல்:

மன ஒருமைப் பயிற்சி பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ட்யூமான்ட் பெயரில் 1918-இல் வந்த நூலில் உள்ளவற்றில் வகுப்புக்கு ஏற்றவை நான்கு.

அசையாமல் உட்காருதல். நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்து, எந்தத் தசையும் தானாக அசையாமல் 5 நிமிடம். பழகியதும் 10, பிறகு 15. இறுக்கிப் பிடித்தால் கெட்டது. தோள் மேலே ஏறியிருந்தால் பிள்ளை தன்னைக் கட்டிப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். மூச்சை வெளியே விடச் சொல்லி, தோளைத் தளர்த்தி, மறுபடி தொடங்குங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைக்க வேண்டாம். முடி முகத்தில் விழுந்துகொண்டே இருக்கும்.

தண்ணீர்க் கண்ணாடி. சிறிய கண்ணாடித் தம்ளரில் நிறையத் தண்ணீர் ஊற்றி, கையை நேரே நீட்டி, தம்ளரையே பார்த்தபடி 1 நிமிடம், போகப்போக 5 நிமிடம். முதல் வகுப்பில் 5 நிமிடம் சொன்னால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும், அதற்குமேல் நடப்பது தசை வலியோடு சண்டையே தவிர கவனப் பயிற்சி ஆகாது. 1 நிமிடம் போதும்.

விரல் பிரித்தல். இரண்டு கையையும் முஷ்டியாக மூடி, கட்டைவிரலை மற்ற விரல்களின் மேல் மடித்து, மேசையில் வைத்து, ஒவ்வொரு விரலாக மெல்லத் திறந்து, அதே ஒழுங்கில் மூடுவது. பார்க்கச் சின்ன வேலை. அலுப்புத் தட்டுகிற வேலையில் மனத்தைப் பிடித்து வைப்பதுதான் இதன் நோக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சிரிப்பு வந்துவிடும்.

கடிகார நொடிமுள். 5 நிமிடம் முள்ளோடேயே கண்ணும் மனமும் போக வேண்டும். வகுப்புக்கு இதைவிட வசதியானது இல்லை, ஏனென்றால் எண்ணிக்கை எடுக்கலாம். ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். மனம் விலகியது தெரிந்தவுடன் தாளைப் பார்க்காமல் ஒரு கோடு. ஐந்து நிமிட முடிவில் கோடுகளை எண்ணுங்கள்.

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கோடு கூடும். "எனக்கு மோசமாகிறது" என்று பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். விலகியதை முன்னைவிடச் சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள், அதனால்தான் கோடு கூடுகிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே எழுதிவிட்டார்: முயன்று செலுத்தும் கவனம் ஒரே தொடராகச் சில நொடிக்கு மேல் நிற்காது, திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதுதான் கவனம் செலுத்துவது. ஆகவே கோடு பூஜ்யமாக வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள். தேர்வுப் பிள்ளைகளுக்கு இதையே பாடப் புத்தகத்துக்கு மாற்றுங்கள்: 15 நிமிடம் படிப்பு, பக்கத்தில் கோடு, முடிவில் புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததில் ஐந்து குறிப்பு. கடிகார முள்ளைப் பார்க்கிற திறமை அரசியலமைப்புப் பாடத்துக்குத் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எதில் கவனம் வேண்டுமோ அதிலேயே பழக வேண்டும்.

ராமசரகாவின் மூச்சுப் பயிற்சி 1903 நூலில் இருக்கிறது. நாடித்துடிப்பை அளவாக வைத்து 6 துடிப்பு உள்ளே, 3 நிறுத்தம், 6 வெளியே, 3 இடைவெளி. வகுப்பைத் தொடங்க 2 நிமிடம் நல்லது. தலை சுற்றினால் உடனே நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடச் சொல்லுங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தும் பகுதியை விட்டுவிட வேண்டும்.

வெள்ளைத்தாளில் கரும்புள்ளி வைத்து இமைக்காமல் பார்க்கும் பயிற்சியை நீங்கள் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நாம் இயல்பாக நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது தடவை இமைக்கிறோம். அதை அடக்கினால் கண் காய்ந்து நீர் வடியும். ஒரே புள்ளியைப் பார்த்தால் சுற்றியுள்ளவை மங்கி மறையும், ஓரத்தில் ஒளி வட்டம் தெரியும். இந்த மறைவை டிராக்ஸ்லர் 1804-லேயே விவரித்துவிட்டார், விழித்திரையும் நரம்பும் மாறாத காட்சிக்குப் பழகிப்போவதால் வருவது. மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடியில் சொந்த முகத்தை உற்றுப் பார்த்தால் ஒரு நிமிட அளவிலேயே முகம் விகாரமாகத் தெரியும் என்று 2010-இல் கபூட்டோ காட்டினார். விஷயம் தெரியாத பிள்ளை இதைத் தனக்குக் கிடைத்த அற்புத சக்தி என்று நம்பும், இல்லாவிட்டால் ராத்திரி பயந்து தூங்காது.

மருந்துவாழ்மலை:

தக்கலை டீச்சர் சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். திராடகம், அதாவது இமைக்காமல் ஒன்றையே பார்க்கும் பயிற்சி, நம்முடைய ஹடயோக மரபில் உள்ளது, அமெரிக்கப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. ஆசிரியர் பக்கத்தில் இருக்க, கண்ணீர் வந்ததும் கண்ணை மூடிக்கொள்ளும் ஒழுங்கோடு செய்வதை, புத்தகம் பார்த்துத் தனியாகச் செய்வதோடு சேர்த்து வைக்கக் கூடாது. ஆனால் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு வரும் இயல்புள்ளவர்களுக்கும் தீபச் சுடரைப் பார்க்கக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. முன்பின் தெரியாத முப்பது பேர் உள்ள சனிக்கிழமை வகுப்பில் அதை எல்லாம் விசாரித்து முடியாது. அந்தக் காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

எமில் குவே பற்றி யாரும் எழுதவில்லையே. அவர் (1857-1926) பிரான்சில் மருந்துக்கடை வைத்திருந்தவர். மருந்தைக் கொடுக்கும்போது அதைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் பலன் கூடுகிறது என்று கவனித்துத்தான் இதற்குள் வந்தார். நான்சி நகரில் பிறருக்குக் கற்றுக்கொடுத்தார். முறை இது: ஒரு கயிற்றில் 20 முடிச்சு. காலையில் எழுமுன், இரவு படுத்தபின், கண்ணை மூடி, உதடு அசைய, தன் காதுக்குக் கேட்கும் அளவு மெல்லிய குரலில், "ஒவ்வொரு நாளும், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் நலமடைகிறேன்" என்று முடிச்சுக்கு ஒரு தடவை. ஜெபமாலை உருட்டுகிற கைக்கும் தஸ்பீஹ் எண்ணுகிற கைக்கும் ருத்ராட்சம் பிடிக்கிற கைக்கும் நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை, இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

குவே திரும்பத் திரும்பச் சொன்னது: முயற்சி போடாதே. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் எதிர்ப்பலன்தான். விருப்ப உறுதியும் கற்பனையும் மோதினால் கற்பனையே வெல்லும் என்பது அவர் விதி. 30 அடி நீளம், 1 அடி அகலம் உள்ள பலகை தரையில் கிடந்தால் யாரும் நடப்பார்கள். அதையே தேவாலயக் கோபுர உயரத்தில் போட்டால்? மாத்தூர் தொட்டிப்பாலத்தின் கைப்பிடிச் சுவரை எடுத்துவிட்டால் நடுவில் நடக்கிறவருக்கும் கால் நடுங்கும், பாதையின் அகலம் குறைந்துவிடவில்லை. "விழக்கூடாது, விழக்கூடாது" என்கிற முயற்சியே விழுகிற காட்சியை மனத்தில் பிடித்து வைக்கிறது. தூங்க முயன்றால் தூக்கம் போவதும் அதே. 1987-இல் வெக்னர் செய்த வெள்ளைக் கரடிச் சோதனை இதோடு ஒத்துப்போகிறது: ஒன்றை நினைக்காதே என்றால் அதுவே வந்து நிற்கும்.

வகுப்பில் காட்ட எளிதானது ஊசல். ஒரு சாண் நூலில் மோதிரம் கட்டி, முழங்கையை மேசையில் ஊன்றி, தாளில் வரைந்த சிலுவைக்கோட்டின் மேல் தொங்கவிடுங்கள். கையை அசைக்காமல், "முன்னும் பின்னும்" என்று மனத்தில் மட்டும் காட்சி. சிறிது நேரத்தில் பலருக்கு ஆடும். கண்ணை மூடச் சொன்னால் பலருக்கு ஒழுங்கு கெட்டுப்போகும். அதிலிருந்தே விரலின் நுண்ணசைவுதான் ஆட்டுகிறது என்று புரிந்துவிடும். செவ்ரூல் என்ற வேதியியலாளர் 1833-இல் இதை விளக்கினார். ஊசலைக் காட்டிக் குறி சொல்லிப் பணம் பறிக்கிறவர்களிடமிருந்து இந்த ஒரு செய்முறை பிள்ளைகளைக் காப்பாற்றும்.

தக்கலை மனநூல்:

மருந்துவாழ்மலை சார் எழுதியதோடு இரண்டு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். 2009-இல் ஜோன் வுட் குழு செய்த ஆய்வில், "நான் அன்புக்குரியவன்" போன்ற வாசகத்தைத் திரும்பச் சொன்னபோது தன்மதிப்புக் குறைந்தவர்களுக்கு மனநிலை இன்னும் தாழ்ந்தது. உள்ளே இருக்கிற மனம் "பொய்" என்று பதில் சொல்லிவிடுகிறது. ஆகவே நம்ப முடிகிற வாக்கியமாக இருக்கட்டும். "நான் முதல் மதிப்பெண் எடுப்பேன்" வேண்டாம். "நேற்றைவிட ஒரு பாடம் தெளிவாகிறது" போதும்.

இரண்டாவது, வெற்றியைக் கண்முன் காட்சியாக ஓட்டுவது. ஈர்ப்பு விதிக்காரர்கள் இதைத்தான் வற்புறுத்துவார்கள். கேப்ரியேல் எட்டிங்கன் 1991-இல் எடை குறைக்க வந்த பெண்களிடம் பார்த்தபோது, இனிமையான கனவு அதிகம் கண்டவர்கள் குறைவாகவே எடை இழந்தார்கள். மனம் கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு தளர்ந்துவிடுகிறது. செய்ய வேண்டியது: விருப்பத்தை ஒரு நிமிடம் நினை, உடனே தடையை நினை, பிறகு "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரே வாக்கியம் எழுது. "ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் செல்போனை அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு பக்கம் படிப்பேன்." இப்படி வாக்கியம் எழுதும் முறையைக் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் தொகுத்துச் சொன்னார். நேரமும் இடமும் இல்லாத வாக்கியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வடசேரி கடைத்தெரு:

விற்பனைப் பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலப் பாடங்களில் "காந்தப் பார்வை" என்பது எதிரே இருப்பவரின் இரு கண்ணுக்கும் நடுவே மூக்கின் அடிப்பகுதியைப் பார்த்து இமைக்காமல் பேசுவது. அட்கின்சன் 1900-லேயே இதைச் சொல்லியிருக்கிறார். கூச்சம் உள்ளவருக்குக் கண்ணை நேரே சந்திக்காமல் முகத்தைப் பார்க்க இது ஒரு வழி, அந்த அளவுக்கு உபயோகம். அதற்கு மேல் கெடுதல்தான். அயலார் கண் நம் கண்ணில் நிற்பது சராசரியாக 3.3 நொடி வரை உவப்பாக இருக்கும் என்று லண்டனில் கிட்டத்தட்ட 500 பேரிடம் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே மாறுபட்ட கருத்து உள்ளவரைக் கண்ணைப் பார்த்தே பேசினால் அவர் மனம் மாறுவது குறைகிறது என்று 2013-இல் சென், மின்சன் குழு காட்டியது. விலை பேசி முரண்டு பிடிக்கிறவரை வெறித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்து தெரியும். பெண் வாடிக்கையாளரை அப்படிப் பார்த்தால் அவர் படி இறங்கிப் போய்விடுவார், போவதுதான் நியாயம். ஆகவே பேச்சு மாறும்போது கண்ணைத் துணிமேலோ நகைமேலோ கொண்டுபோங்க, திரும்ப முகத்துக்கு வாங்க.

அதே புத்தகங்களில் பொன்போல இருப்பது வேறு பகுதி: குறுக்கே பேசாதே, புகழுக்கு ஏங்கிப் பேசாதே, குரலைத் தாழ்த்து. இவற்றைப் பயிற்சியாக்குங்க. இரண்டு இரண்டு பேர். ஒருவர் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவராக 2 நிமிடம் பேச வேண்டும். மற்றவர் வாயே திறக்கக் கூடாது, தலையசைக்கலாம். பிறகு கேட்டதைத் தன் சொல்லில் நாலு வரியில் திருப்பிச் சொல்ல வேண்டும்: யாருக்கு, என்றைக்கு, எவ்வளவுக்குள், எது பிடிக்காது. பேசியவர் நாலுக்கு எத்தனை என்று மதிப்பெண் போடட்டும். பணக் கணக்குத்தான் வழக்கமாக விட்டுப்போகும், பிடிக்காத நிறம் அடுத்தது. காரணம், கேட்கிறபோதே எந்தச் சேலையை எடுத்துப் போடலாம் என்று உள்ளே ஓட ஆரம்பித்துவிடுகிறது. அப்படி ஓடுகிறது என்று தெரிந்ததும் கடைசியாகக் காதில் விழுந்த சொல்லை மனத்துக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்ளச் சொல்லுங்க.

இரண்டாவது சுற்றில் விலையைச் சொல்லிவிட்டு 3 நொடி சும்மா இருக்க வேண்டும். பழக்கமில்லாதவர் விலை சொன்ன மூச்சிலேயே "குறைச்சுத் தரலாம்" என்று சேர்த்துவிடுவார், முதலாளிக்கு நஷ்டம் அங்கேதான். 1912-இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் பேச்சு வகுப்பு தொடங்கிய டேல் கார்னகியும் எல்லாரையும் எழுந்து பேச வைத்தே பழக்கினார். உட்கார வைத்துப் பாடம் சொன்னால் இது வராது.

பழையாற்றங்கரை:

அண்ணாச்சிமாருக்கும் டீச்சருக்கும் நன்றி. ஆறு வாரம் போதுமா என்று ஒரு சந்தேகம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்கிறார்கள், வீட்டில் பெரியவர்கள் ஒரு மண்டலம், 48 நாள் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கைச் சொல்வது?

தக்கலை மனநூல்:

இரண்டையும் உறுதியாகச் சொல்லாதீர்கள். 21 நாள் என்பது மால்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1960-இல், புதிய முகத்துக்கு நோயாளிகள் பழக எடுக்கும் காலம் பற்றி எழுதியதிலிருந்து திரிந்து வந்தது. அவரும் "குறைந்தது" என்றுதான் சொன்னார். 2010-இல் லாலி குழு அளந்தபோது நடுவளவு 66 நாள், ஆளுக்கும் வேலைக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை வந்தது. ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்றும் அதே ஆய்வில் தெரிந்தது. பழக்கம் பற்றி வில்லியம் ஜேம்ஸ் சொன்ன "ஒருமுறைகூட விடாதே" என்ற விதியை இந்த இடத்தில் கொஞ்சம் தளர்த்திச் சொல்லலாம். விட்ட மறுநாள் அதே நேரத்தில், அதே இடத்தில் தொடங்கச் சொல்லுங்கள்.

ஆறு வாரத்தில் பழக்கம் முழுதும் வேர்விடாது, ஆனால் குறிப்பேடு எழுதப் பழகிவிடுவார்கள். நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்துக்கு ஐந்து பத்தி: தேதி, செய்த பயிற்சி, நிமிடம், கோடு எண்ணிக்கை, குறுக்கே வந்தது என்ன. கடைசிப் பத்தியை விடவே கூடாது. மூன்றாவது சனிக்கிழமை அதைப் புரட்டினால் ஒரே தடை திரும்பத் திரும்ப வந்திருக்கும், பெரும்பாலும் செல்போன், சில பிள்ளைகளுக்குப் பசி. நாலாவது வாரம் "இது நடந்தால் இதைச் செய்வேன்" வாக்கியத்தை அந்தத் தடைக்கு எதிராகவே எழுத வையுங்கள். நோட்டுகளை எல்லார் முன்னும் வாசித்து ஒப்பிடாதீர்கள், அடுத்த வாரம் எண்களைக் குறைத்து எழுதிக் கொண்டுவருவார்கள்.